சினமாட்டிக் ஸ்டூடியோ ஸ்ட்ரிங்ஸ்: ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே இருக்கும் இசை

வயலின் வாசிப்பவரின் இடக்கை விரல் ஒரு ஸ்வரத்தை விட்டு அடுத்ததைப் பிடிக்கும் அந்தச் சிறு பொழுதில் ஒலி நின்றுவிடுவதில்லை. வில் தந்தியின் மேல் போய்க்கொண்டே இருக்கிறது. பழைய ஸ்வரம் கரைந்து புதியது தெளிவாவதற்குள் ஒரு சிறு மங்கல், ஒரு மெல்லிய இழுப்பு, சில சமயம் விரல் தந்தியில் பதியும் ஓசைகூடக் காதில் விழுகிறது. கணினியில் சாம்பிள்களை, அதாவது முன்பே பதிவு செய்த ஸ்வர ஒலிகளை, வைத்து வயலின் கூட்டத்துக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தப் பொழுதைத்தான். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியே அழகாக இருக்கும். சேர்த்துக் கேட்டால் ஆர்கன் வாசிப்பதுபோல இருக்கும். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சேர்ந்த அலெக்ஸ் வால்பேங்க் உருவாக்கி 2016-ல் வெளியிட்ட ‘சினமாட்டிக் ஸ்டூடியோ ஸ்ட்ரிங்ஸ்’ என்ற சாம்பிள் லைப்ரரி, அந்தப் பொழுதையே தன் மையமாக வைத்துக்கொண்ட தயாரிப்பு. சில ஆண்டுகளாக இதை ஏறக்குறைய நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். இதன் பலம் எது, இது நம்மிடம் எதிர்பார்க்கும் உழைப்பு எது, யாருக்கு இது பொருந்தாது என்பவற்றை அந்தப் பழக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் உள்ளே இருப்பதைச் சொல்லிவிடலாம். சிட்னியின் ட்ராக்டவுன் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவான இந்த லைப்ரரியில் முதல் வயலின் பிரிவில் 10 பேர், இரண்டாம் வயலினில் 7 பேர், வியோலாவில் 7 பேர், செல்லோவில் 6 பேர், டபுள் பேஸில் 5 பேர் என மொத்தம் 35 கலைஞர்கள் வாசித்திருக்கிறார்கள். நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் கான்டாக்ட் என்ற சாம்ப்ளருக்குள் (சாம்பிள்களை ஒலிக்கவைக்கும் மென்பொருள்) இது இயங்குகிறது. அருகில் வைத்த மைக், நடுவில் வைத்த முதன்மை மைக், கூடத்தின் ஒலியைப் பிடிக்கும் தூரத்து மைக் ஆகிய மூன்றும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. அவற்றை முன்கூட்டியே கலந்து வைத்த ஒரு கலவையும் உண்டு. பெரிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராக்களோடு ஒப்பிட்டால் 35 என்பது சிறிய எண்ணிக்கை. ஸ்பிட்ஃபயர் ஆடியோ நிறுவனம் லண்டனின் மைடா வேல் ஸ்டூடியோவில் பதிவு செய்து 2019-ல் வெளியிட்ட பிபிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா லைப்ரரியில் தந்தி வாத்தியங்கள் மட்டும் 16, 14, 12, 10, 8 என்ற கணக்கில் 60 பேர். ஆள் குறைந்தால் ஒலி மெலியும் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் ஆள் குறைந்த கூட்டத்தில் ஒவ்வொரு வில்லின் அசைவும் சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது. 16 பேர் சேர்ந்தால் அந்த அசைவுகள் ஒன்றையொன்று மூடிக்கொண்டு பட்டுத்துணிபோல வழவழப்பாகின்றன. ஒரு மெட்டைத் தனியே பாடவைக்க வேண்டும் என்றால் நான் சிறிய கூட்டத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஒலியின் நிறம் கனிந்தது, சற்று இருண்டது, வைப்ரேட்டோ (விரலின் நடுக்கத்தால் ஸ்வரம் அலைவது) நிறைந்தது. காதல், பிரிவு, நினைவு என்று போகும் காட்சி இசைக்கு இந்த நிறம் கையிலேயே வந்து உட்காரும். பரோக் காலத்து நடனங்களின் வெளிச்சமான, வைப்ரேட்டோ குறைந்த ஒலியோ, டிஸ்கோ பாடல்களில் மேலே மின்னிக்கொண்டு ஓடும் வயலின்களோ வேண்டுமென்றால் இதை வைத்துப் போராட வேண்டியிருக்கும். ஒரே லைப்ரரி எல்லாவற்றையும் செய்யும் என்ற எதிர்பார்ப்பை வாங்கும்போதே விட்டுவிடுவது நல்லது. எந்த வாத்தியக் குழுவும் எல்லாவற்றையும் ஒரே சிறப்போடு வாசிப்பதில்லை.

இப்போது மையமான விஷயத்துக்கு வருகிறேன். உண்மையான வயலின் ஒலியைச் சாவிப்பலகையில் வாசிக்கும் ஆசை பழையது. 1963-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தயாரான மெல்லோட்ரான் என்ற கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு காந்த நாடா இருந்தது. கட்டையை அழுத்தினால் சுமார் 8 விநாடி நாடா ஓடி, அதில் பதிவான வயலின்கள் ஒலிக்கும். அதற்கென்று ஒரு தனி அழகு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு ஸ்வரம் முடியும், இன்னொன்று பிறக்கும்; இரண்டுக்கும் உறவே இருக்காது. கணினி சாம்பிள்கள் வந்த பிறகும் அந்த உறவின்மை வெகுகாலம் நீடித்தது. 2000-களின் தொடக்கத்தில் வியன்னா சிம்போனிக் லைப்ரரி நிறுவனம் ஸ்வரங்களை மட்டுமல்லாமல், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கலைஞர் போகும் பாதையையும் பதிவு செய்து விற்கத் தொடங்கியது. அதை நிறுவிய ஹெர்ப் டுக்மாண்டல் செல்லோ வாசித்தவர் என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. வில் பிடித்த கைக்குத்தான் எது குறைகிறது என்று தெரியும்.

இதில் அடங்கியிருக்கும் உழைப்பை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஒரு வயலின் பிரிவுக்குச் சுமார் 40 ஸ்வரங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலிருந்தும் மேலே 12, கீழே 12 என ஓர் ஆக்டேவ் தூரம்வரை உள்ள எல்லா ஸ்வரங்களுக்கும் போகும் பாதையைப் பதிவு செய்தால், ஏறக்குறைய ஆயிரம் பாதைகள் ஆகின்றன. மெல்லிய ஒலியில் ஒருமுறை, உரத்த ஒலியில் ஒருமுறை, மெதுவாக, நடுத்தரமாக, வேகமாக என்று பெருக்கிக்கொண்டே போனால், கலைஞர்கள் எத்தனை நாள் நாற்காலியில் அமர்ந்து இரண்டிரண்டு ஸ்வரங்களாக வாசித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த வேலைக்கு நான் வைத்திருக்கும் மரியாதை பெரியது.

சினமாட்டிக் ஸ்டூடியோ ஸ்ட்ரிங்ஸ் அந்தப் பாதைகளை வெட்டிச் சுருக்காமல் கொடுக்கிறது. ஸ்வரங்களை அறுக்காமல் இணைத்து வாசிக்கும் லெகாட்டோவில் மூன்று வேகங்கள் இருக்கின்றன. எது வரும் என்பதைக் கட்டையை நாம் அழுத்தும் விசை தீர்மானிக்கிறது. மெதுவாகத் தொட்டால் மெதுவான பாதை, அழுத்தித் தொட்டால் வேகமான பாதை. மிகமிக மெதுவாகத் தொட்டால் விரல் தந்தியில் வழுக்கிச் செல்லும் போர்ட்டமெண்டோ. புதிய ஸ்வரம் முழுமையாக நிலைகொள்வதற்கு மெதுவான பாதையில் 333 மில்லி விநாடியும், நடுத்தரப் பாதையில் 250 மில்லி விநாடியும், வேகமான பாதையில் 100 மில்லி விநாடியும் ஆகும். இந்த எண்களைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன், ஏனென்றால் இந்த லைப்ரரியோடு வாழ்வது என்பது இந்த மூன்று எண்களோடு வாழ்வதுதான்.

நிமிடத்துக்கு 90 அடி என்ற டெம்போவில் ஓர் அடியின் நீளம் சுமார் 667 மில்லி விநாடி. அரை அடி 333. அதாவது அந்த டெம்போவில் மெதுவான லெகாட்டோவைத் தாளத்துக்குச் சரியாக வாசித்தால், காதுக்கு வரும் ஸ்வரம் சரியாக அரை அடி தாமதமாக வரும். முதன்முறை இதைக் கேட்கிறவர்கள் திகைத்துப்போவார்கள். லைப்ரரி பழுதாக இருக்கிறது என்றுகூட நினைப்பார்கள். நானும் அப்படித்தான் முதல் வாரத்தில் இதை மூடி வைத்தேன். பிறகு ஒரு மேடைக் கச்சேரியில் செல்லோ கலைஞர் ஒருவரின் இடக்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது புரிந்தது: அவர் அடி விழுவதற்கு முன்பே புறப்பட்டுவிடுகிறார். அடி விழும்போது விரல் போய்ச் சேர்ந்திருக்கிறது. கீபோர்டு வாசிப்பவராகிய நான் அடி விழும்போதுதான் புறப்படுகிறேன். தாமதம் என்று நான் நினைத்தது, அவர் முன்கூட்டியே செலவழிக்கும் நேரம்.

ஆகவே செய்ய வேண்டியது ஒவ்வொரு லெகாட்டோ ஸ்வரத்தையும் அதன் வேகத்துக்கேற்ப முன்னே நகர்த்துவது. இதை ஒரே எண்ணை ட்ராக் முழுவதற்கும் கொடுத்துத் தீர்க்க முடியாது. ஒரே வரியில் ஒரு ஸ்வரம் 333, அடுத்தது 100 என்று மாறி மாறி வரும். ஒரு சொற்றொடரின் முதல் ஸ்வரத்துக்குப் பாதையே கிடையாது, ஆகையால் அதன் கணக்கு வேறு. என் வழக்கம் இது: முதலில் லெகாட்டோவை அணைத்துவிட்டு, எளிய நீண்ட ஒலியில் மெட்டை எழுதி முடிப்பேன். பிறகு லெகாட்டோவைத் திறந்து, எந்த ஸ்வரத்துக்கு எந்த வேகம் என்று விசையை அமைப்பேன். அதன்பிறகே ஸ்வரங்களை ஒவ்வொன்றாக முன்னே தள்ளுவேன். தள்ளும்போது முந்தைய ஸ்வரத்தின் வால் அடுத்ததன் மேல் சற்று ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் லெகாட்டோ அறுந்து புது வில்லாகிவிடும். கடைசியாகத் திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, எண்ணுக்கும் காதுக்கும் ஒத்துவராத இடங்களில் காதின் பக்கம் நிற்பேன். 16 அளவு (தாளம் ஒருமுறை சுற்றிவரும் நீளமான ‘பார்’) கொண்ட ஒரு மெட்டுக்கு ஐந்து பிரிவுகளும் சேர்ந்து ஒரு மாலைப்பொழுது போய்விடும். பின்னர் வந்த பதிப்பில் தாமதம் குறைந்த ஒரு லெகாட்டோ முறையும் சேர்க்கப்பட்டது. எழுதும்போதும் யோசிக்கும்போதும் அது மிகவும் உதவுகிறது. முடிந்த வேலையில் நான் பெரும்பாலும் முழுப் பாதைக்கே திரும்பிவிடுகிறேன், ஏனென்றால் நான் பணம் கொடுத்தது அந்தப் பாதைக்கு.

அடுத்து, கீபோர்டின் இடப்பக்கம் இருக்கும் மாட் வீல் என்ற சக்கரம். சாம்பிள் வயலின்கள் செயற்கையாகக் கேட்பதற்குப் பாதைக்கு அடுத்தபடியான காரணம் இதைப் புரிந்துகொள்ளாமையே. வயலினில் ஒலி உரக்கும்போது சத்தத்தின் அளவு மட்டும் கூடுவதில்லை. வில்லின் வேகமும் அழுத்தமும் கூடுவதால் நிறமும் வெளிச்சமாகிறது. மெல்லிய ஒலியை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரால் ஏற்றினால் அது உரத்த வயலின் ஆகாது. பக்கத்தில் கொண்டுவந்து வைத்த மெல்லிய வயலின்தான் ஆகும். கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி முறையில் முதலாம் கட்டுப்பாடான மாட் வீல், மெல்லிய பதிவிலிருந்து உரத்த பதிவுக்குக் கரைந்து மாறச் செய்கிறது. பதினொன்றாம் கட்டுப்பாடான எக்ஸ்பிரஷன் அளவை மட்டும் ஏற்றி இறக்குகிறது. உணர்ச்சியை முதலாவதில் எழுத வேண்டும். இரண்டாவதை ஒரு ஸ்வரம் மௌனத்துக்குள் அடங்கும் கடைசித் துளிக்கும், பிரிவுகளுக்கு இடையிலான சமநிலைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த லைப்ரரியில் மாட் வீலின் பயணம் சீராக இருக்கிறது. அடியிலிருந்து உச்சிவரை ஏற்றினால் எந்த இடத்தில் ஒரு பதிவு முடிந்து மற்றொன்று தொடங்கியது என்பதை முதல் வயலின்களில் என்னால் கண்டுபிடிக்க முடிவதில்லை. இந்தப் பாராட்டைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் இந்தக் கரைவு சரியில்லாத லைப்ரரிகளில் நடுவழியில் ஒரு கணம் இரண்டு கூட்டங்கள் சேர்ந்து வாசிப்பதுபோல் ஒலி தடித்துப் போகும்.

வீலை 64-ல் நிறுத்திவிட்டு எழுதிய வயலின் வரி, எத்தனை நல்ல லைப்ரரியாக இருந்தாலும், உயிரற்றுத்தான் இருக்கும். 0 முதல் 127 வரை இருக்கும் அந்தத் தூரம் ஒவ்வொரு நீண்ட ஸ்வரத்துக்குள்ளும் அசைய வேண்டும். ஒரு சொற்றொடர் எங்கே போய்ச் சேர விரும்புகிறது என்பதை முதலில் பாடிப் பார்த்துவிட வேண்டும். வாயால் பாடும்போது மூச்சு தானாகவே எங்கே நிறைகிறது, எங்கே விடுகிறது என்பதை வீல் பின்பற்றினால் போதும். மவுஸால் வளைவுகளை வரைவதைவிட இடக்கையை வீலில் வைத்து ஒரே மூச்சில் பதிவு செய்வது எனக்கு எப்போதும் நல்ல பலன் தந்திருக்கிறது. வரைந்த வளைவு அளவெடுத்ததுபோல் இருக்கும். கையால் ஓட்டிய வளைவில் ஒரு தயக்கமும் ஓர் அவசரமும் தாமாகவே வந்து சேரும். இதில் பலரும் செய்யும் தவறு, முதல் வயலினுக்கு ஓட்டிய வளைவை மற்ற நான்கு பிரிவுகளுக்கும் நகலெடுத்து ஒட்டுவது. ஐந்து பிரிவுகளும் ஒரே கணத்தில் ஒரே அளவுக்கு ஏறி இறங்கினால் கூட்டம் மறைந்து, ஒரே மனிதரின் கை தெரிகிறது. ஒவ்வொரு பிரிவையும் தனியே வாசியுங்கள். வியோலா சற்று முன்னதாக நிறையட்டும், பேஸ் சற்றுத் தாமதமாக அடங்கட்டும்.

வைப்ரேட்டோவுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. மிடியில் இரண்டாம் எண். பெரும்பாலானோர் அதை உச்சியில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஒரு நீண்ட ஸ்வரத்தை அசைவில்லாமல் தொடங்கி, அது கனிந்துவரும்போது வைப்ரேட்டோவை மெல்லத் திறந்து, முடியும் முன் மறுபடி மூடிப் பாருங்கள். தனி வாத்தியங்களில் அசைவில்லாத பதிவையும் அசைவுள்ள பதிவையும் இப்படிக் கரைத்தால் இரண்டு பேர் வாசிப்பது அப்பட்டமாகத் தெரியும். கூட்டத்தில் அது மறைந்துவிடுவதால் இந்த உத்தி இங்கே நன்றாகவே வேலை செய்கிறது.

குறுகிய ஒலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பிக்காட்டோ, ஸ்டாக்காட்டிஸிமோ, ஸ்டாக்காட்டோ, ஸ்ஃபோர்ட்ஸாண்டோ என்ற நான்கு குறு வாசிப்பு முறைகளும் ஒரே இடத்தில் வைக்கப்பட்டு, அவற்றில் எது ஒலிக்க வேண்டும் என்பதை மாட் வீல் தேர்ந்தெடுக்கிறது. சத்தத்தின் அளவைக் கட்டையை அழுத்தும் விசை தீர்மானிக்கிறது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வில்லாளர் ஒரு வரிசைக் குறு ஸ்வரங்களை எல்லாம் ஒரே நீளத்தில் வாசிப்பதில்லை. வலுவான அடியில் சற்று நீட்டி, மற்றவற்றில் சற்றுத் துள்ளி வாசிக்கிறார். வீலைச் சிறிது அசைத்தாலே அந்த வேறுபாடு வந்துவிடுகிறது. ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும்போது வெவ்வேறு பதிவுகள் மாறி மாறி ஒலிப்பதால் துப்பாக்கி சுடுவதுபோன்ற அந்தப் பழைய அருவருப்பு இங்கே இல்லை. குறு ஸ்வரங்கள் எல்லாவற்றுக்கும் 60 மில்லி விநாடி தாமதம் சீராக இருப்பதால், அவற்றைத் தனி ட்ராக்கில் வைத்து, ட்ராக் தாமதத்தை மைனஸ் 60 என்று கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

சாம்பிள்கள் செயற்கையாக ஒலிப்பதற்கு லைப்ரரியின் மேல் பழி போடவே முடியாத ஒரு காரணம் இருக்கிறது. பியானோ பழக்கத்தில் முதல் வயலினிலேயே மூன்று ஸ்வரங்களை ஒன்றாக அழுத்திவிடுகிறோம். 10 பேர் வாசித்த பதிவில் மூன்று ஸ்வரங்கள் என்றால், இப்போது 30 பேர் முதல் வயலினில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதோடு இரண்டாம் வயலினில் இரண்டு, வியோலாவில் மூன்று என்று சேர்த்தால், எந்தக் கூடத்திலும் கொள்ளாத ஒரு கூட்டம் வாசித்துக்கொண்டிருக்கும். ஒலி பெரிதாகாது, குழைந்துபோகும். ஐந்து பிரிவுகளுக்கும் ஐந்து தனிக் குரல்களை, அதாவது ஐந்து தனி இசை வரிகளை, எழுதுவதே மருந்து. வயலினின் கீழ் எல்லை மத்திய சி-க்குக் கீழே உள்ள ஜி என்பதையும், வியோலா அதற்கும் ஐந்து ஸ்வரம் கீழே போகும் என்பதையும் நினைவில் வைத்து, ஒவ்வொரு குரலையும் அதற்கு இயல்பான உயரத்தில் பாடவிட வேண்டும். மேலே ஏறிய செல்லோ ஏங்கும். அதே ஸ்வரத்தில் வயலின் இறங்கி நின்றால் தடித்து ஒலிக்கும். இந்த வேறுபாட்டை இந்த லைப்ரரி உண்மையாகப் பிடித்திருக்கிறது. ஆகவே நல்ல எழுத்துக்கு இது நல்ல பரிசு கொடுக்கிறது, சோம்பலான எழுத்தைக் காட்டியும் கொடுத்துவிடுகிறது. இங்கே ஒரு பிரிவை இரண்டாகப் பிரித்து எழுத நேர்ந்தால், இரு குரல்களின் மாட் வீலையும் இறக்கி வைப்பதோடு நிறுத்தாமல், ஃபேடரையும் சற்று இறக்குவேன்.

கலவையில் அதிகம் செய்ய வேண்டியதில்லை. பிரிவுகள் தத்தம் இருக்கையிலிருந்தே ஒலிப்பதால் இடம் வலமாக மறுபடி நகர்த்தக் கூடாது. முதன்மை மைக்கை அடித்தளமாக வைத்து, மெட்டு முன்னே வர வேண்டிய இடத்தில் அருகு மைக்கைச் சிறிது திறந்தால் நிறத்தின் இருளும் கொஞ்சம் விலகுகிறது. கூடத்தின் எதிரொலி அடக்கமானது. பெரிய மண்டபம் வேண்டுமென்றால் இரண்டு விநாடி வால் கொண்ட ஒரு ரிவெர்பை (செயற்கை எதிரொலியை) சேர்க்கலாம். மேல் அலைவரிசைகளை ஏற்றுவதில் மட்டும் கவனம் தேவை. இருண்ட ஒலியை வலிந்து வெளிச்சமாக்கினால் ஸ்பிக்காட்டோக்கள் கீறத் தொடங்கிவிடும்.

நம் இசைக்கு இது எவ்வளவு தூரம் உதவும் என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். மேற்கத்திய இணக்கத்தில் (ஹார்மனி) எழுதப்பட்ட தமிழ்த் திரைப் பாடல்களின் பின்னணி வரிகளுக்கு, குறிப்பாகக் குரலுக்குப் பதில் சொல்லும் எதிர் மெட்டுகளுக்கு, இது மிக நன்றாகப் பொருந்துகிறது. கமகத்துக்கு இது பொருந்தாது. கர்நாடக வயலினில் ஸ்வரம் என்பதே ஓர் அசைவு. தோடியின் காந்தாரத்தை நிறுத்தி வைத்து வாசித்தால் அது தோடியே அல்ல. இங்கே பதிவாகியிருப்பவை நின்ற ஸ்வரங்களும், அவற்றுக்கிடையே மேற்கத்திய விரல்கள் போன பாதைகளும். பிட்ச் பெண்ட் வீலால் சுருதியை வளைக்கலாமே என்று தோன்றும். வளைத்தால் 10 கலைஞர்களும், அவர்களைச் சுற்றியிருக்கும் கூடத்தின் எதிரொலியும் ஒன்றாகச் சேர்ந்து சரிகின்றன. உண்மையான கூட்டத்தில் ஒவ்வொரு விரலும் தனித்தனியே நகரும், கூடம் நகராது. போர்ட்டமெண்டோவை அளவோடு பயன்படுத்தினால் ஸ்வரங்களை வழுக்கி இணைக்கும் ஒரு ஜாருவின் சாயல் கிடைக்கிறது, அதுவும் ஒரு சொற்றொடருக்கு ஒருமுறை. அதற்கு மேல் வேண்டுமென்றால் வயலின் கலைஞரைத்தான் அழைக்க வேண்டும். இதை நான் லைப்ரரியின் குறையாகச் சொல்லவில்லை. எந்தக் கைகள் பதிவாகியிருக்கின்றனவோ அந்தக் கைகளின் பழக்கம்தான் உள்ளே இருக்கும்.

இதை யார் வாங்கலாம்? மேடையில் நேரடியாகக் கீபோர்டில் வாசிப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்; தாமதம் அவர் கைகளைக் கட்டிவிடும். நாளைக் காலைக்குள் பத்துக் காட்சிகளுக்கு இசை கொடுக்க வேண்டியவருக்கும் இதன் முழு அழகை எடுக்க நேரம் இருக்காது. இப்போதுதான் தந்தி வாத்தியங்களுக்கு எழுதத் தொடங்குகிறவர் உடனே இதில் பணத்தைப் போடத் தேவையில்லை. பிபிசி சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் டிஸ்கவர் என்ற சிறு பதிப்பு சில நூறு எம்பி அளவில் கணினியில் அடங்கிவிடும். நீண்ட ஒலி, ஸ்பிக்காட்டோ, பிட்சிகாட்டோ (விரலால் மீட்டுவது), ட்ரெமலோ (வில்லை வேகமாக அதிரவிடுவது) என்று அடிப்படைகள் மட்டும் அதில் இருக்கின்றன. பாதைகள் கிடையாது. ஆனால் ஐந்து குரல்களாக எழுதவும், மாட் வீலால் மூச்சுவிடவும் அதிலேயே ஆறு மாதம் பழகலாம். அந்தப் பழக்கம் வந்தபிறகு ஸ்வரங்களுக்கு நடுவே ஏதோ குறைகிறதே என்று காது தானாகவே கேட்கத் தொடங்கும். அப்போது சினமாட்டிக் ஸ்டூடியோ ஸ்ட்ரிங்ஸை வாங்கினால் அதன் ஒவ்வொரு மில்லி விநாடியும் பயன்படும். கணினியில் வேகமான எஸ்எஸ்டியும் போதிய நினைவகமும் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அண்மையில் ஒரு குறும்படத்துக்காக இந்த லைப்ரரியில் முதல் வயலின் வரி ஒன்றை எழுதி, அதன் மேல் ஒரே ஓர் உண்மையான வயலினைப் பதிவு செய்தேன். கூட்டத்தின் ஒலிக்குள் ஒரு நிஜ வில் கலந்தால் முழுக் கூட்டமும் விழித்துக்கொள்ளும் என்பது இந்தத் தொழிலில் பலரும் கையாளும் முறை. வாசிக்க வந்த அம்மையார் காகிதத்தைப் பார்த்துவிட்டு, சாம்பிள் ஒலிப்பதையும் ஒருமுறை கேட்டார். ஆறாவது அளவில் பென்சிலை வைத்து, “சார், இங்கே வில் முடிஞ்சு போயிருமே. திருப்பித்தான் ஆகணும். எங்கே திருப்பட்டும்?” என்று கேட்டார். நான் ஒன்பது அளவுக்கு ஒரே லெகாட்டோவாக இழுத்து வைத்திருந்தேன். சாம்பிளுக்கு வில் முடிவதில்லை என்பதால் எனக்கு அது தெரியவே இல்லை. மெட்டு உச்சிக்கு ஏறும் முன் இருந்த ஸ்வரத்தில் திருப்பலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். அவர் வாசித்துவிட்டுப் போனபிறகு சாம்பிள் ட்ராக்கைத் திறந்து அதே ஸ்வரத்தின் வாலைச் சிறிது வெட்டி, லெகாட்டோவை அங்கே அறுத்து, அடுத்த ஸ்வரத்தைப் புது வில்லாகத் தொடங்கவைத்து, அதற்கு முன் மாட் வீலை ஒரு கணம் இறக்கினேன். அதன்பிறகு அவருடைய வயலினை மூடிவிட்டுக் கேட்டபோதும் அந்தக் கூட்டம் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது.